யூனிட்டுக்கு 30 பைசா மிச்சமாம்! அந்தக் காசு யார் பாக்கெட்ல இருந்து போகுது?



2025 ஜூலை மாசம் பிசினஸ் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. நிலக்கரி மின் நிலையங்களில் பெரும்பாலானவை புகைபோக்கியில் கந்தகம் நீக்கும் கருவி வைக்கத் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்துவிட்டது. கூடவே இன்னொரு வரி: இதனால் மின் உற்பத்திச் செலவு யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா வரை மிச்சமாகும் என்று துறையில் இருப்பவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பவர் ஷேர் வெச்சிருக்கறவங்களுக்கு நல்ல செய்தி. கரண்ட் பில் கட்டற நமக்கும் நல்ல செய்தி மாதிரிதான் தெரியும்.

நம்ம சேனல்ல இதைப் பத்தி யாரும் கேட்கல. எஸ்.ஐ.பி., தங்கம், வீட்டுக் கடன் பத்திக் கேட்பாங்க. நிலக்கரிப் புகைக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க நினைக்கலாம். என் கருத்து இதுதான்: அந்த 30 பைசா மிச்சம் ஆகல. ஈபி பில்லிலிருந்து எடுத்து உங்க வீட்டு மருத்துவச் செலவில் எழுதியிருக்காங்க. அதைவிடப் பெரிய விஷயம், அந்த 30 பைசாவை நாம ஏற்கெனவே ஒரு தடவை கட்டிட்டோம். அது எப்படின்னு பின்னாடி சொல்றேன். கால்குலேட்டர் எடுத்து வெச்சுக்கோங்க.

முதல்ல விதி என்னன்னு பார்த்துடுவோம். 2015 டிசம்பரில் மத்திய அரசு நிலக்கரி மின் நிலையங்களுக்குப் புதிய மாசு வரம்பு கொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் எல்லா நிலையங்களும் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. 2017 போச்சு. கெடு நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். எத்தனை தடவை என்று எண்ணி முடிப்பதற்குள் 2025 வந்துவிட்டது. இப்போ மின் நிலையங்களை மூணு வகையாகப் பிரிச்சாச்சு. டெல்லி தலைநகர வட்டாரத்திலிருந்தோ 10 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரத்திலிருந்தோ 10 கி.மீ.க்குள் இருந்தால் 'ஏ' வகை. அவங்களுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. மிக மோசமாக மாசுபட்டது என்று அரசே பட்டியல் போட்ட இடங்களை ஒட்டி இருந்தால் 'பி' வகை. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். மீதி எல்லாம் 'சி' வகை. நாட்டில் உள்ள யூனிட்டுகளில் சுமார் 78 சதவீதம் இந்த 'சி'தான். புகைபோக்கி போதுமான உயரம் இருந்தால் போதும், கந்தக வரம்பு கிடையாது.

'சி' வகை என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம்? பக்கத்தில் பெரிய நகரம் இல்லை. கிராமமும் சின்ன டவுனும்தான் இருக்குது. அதாவது நம்மள மாதிரி ஆளுங்க.

நம்ம பக்கத்துக் கணக்குக்கு வருவோம். நம்ம வட்டாரத்தில் பெரிய நிலக்கரி மின் நிலையம்னா மேட்டூர்தான். 210 மெகாவாட் யூனிட் நாலு, அது 1980களின் கடைசியில் வந்தது. 600 மெகாவாட் யூனிட் ஒண்ணு, அது 2013ல் வந்தது. மொத்தம் 1,440 மெகாவாட். ஒடிசா தால்ச்சரில் வெட்டும் நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலில் எண்ணூர் வந்து, மறுபடி ரயில் ஏறி மேட்டூர் வந்து சேருது. (இந்தப் போக்குவரத்துச் செலவு தனிக் கதை. அதுக்கே ஒரு வீடியோ போடலாம்.)

ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஏறக்குறைய 650 கிராம் நிலக்கரி வேணும். மேட்டூர் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 20,000 டன்னுக்கு மேல் எரியும். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, அரை சதவீதம் அளவுதான். சாம்பல்தான் அதிகம், மூணில் ஒரு பங்குக்கும் மேல். அரை சதவீதம்னா கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் 20,000 டன்னில் அரை சதவீதம் 100 டன் கந்தகம். எரியும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து எடை இரண்டு மடங்காகும். 200 டன் கந்தக டை ஆக்சைடு, ஒரே நாளில். இது நானே போட்ட தோராயக் கணக்கு. யூனிட்டுகள் நிறுத்தி வைக்கிற நாளில் குறையும். கொஞ்சம் சாம்பலிலேயே தங்கிடும். ஆனாலும் அளவு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

இதைப் பிடிக்கறதுக்கு ராக்கெட் சயின்ஸ் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லை அரைச்சு, தண்ணியில் கலந்து, புகைபோக்கிக்குப் போற புகை மேல ஷவர் மாதிரி தெளிக்கணும். கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமா மாறிடும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிபடும். அந்த ஜிப்சத்தை சிமெண்ட் ஆலைகள் வாங்கிக்கும். சுண்ணாம்புக்கல்லுக்கு எங்கே போறது? சங்ககிரிக்குப் போனால் சுரங்கமே இருக்குது.

சரி, மோகனூரில் உட்கார்ந்துகிட்டு மேட்டூர்ப் புகையைப் பத்தி ஏன் கவலைப்படணும்? நேர்கோட்டில் பார்த்தாலே 80, 90 கி.மீ. இருக்குது. காவிரித் தண்ணி வேணா அங்கிருந்து இங்கே வரும். காத்து? நேர்மையாச் சொல்லணும்னா, வருஷத்தில் பாதிக்கு மேல் காத்து மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசுது. பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழைஞ்சு கரூரைத் தாண்டித்தான் நமக்கு வருது. அந்த மாசங்களில் மேட்டூர்ப் புகை சேலம், தருமபுரி பக்கம் போகும். நமக்கு வர்றது ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் புகை. புகளூர் காகித ஆலையின் கொதிகலன்களும் நிலக்கரி எரிக்கிறவைதான். மத்த மாசங்களில் காத்து திரும்பும். அப்போ எண்ணூர்ப் பக்கத்துப் புகை உள்நாட்டுக்கு நகரும். எந்த ஊர்ப் புகை எந்த ஊர் நெஞ்சுக்குள் போகுதுன்னு வரைபடத்தில் கோடு போட்டுக் காட்ட முடியாது. கந்தக டை ஆக்சைடு காத்தில் போகப் போக சல்பேட் என்ற நுண்துகளா மாறும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள். இதுதான் அடிக்கடி கேள்விப்படற பிஎம் 2.5 வகை. நூறு கி.மீ. எல்லாம் அதுக்கு ஒரு தூரமே இல்லை.

நான் மோகனூரில் மிக்சி போடறதுக்காக எரியற நிலக்கரியின் புகையை மேட்டூர்க்காரரும் ஓமலூர்க்காரரும் சுவாசிக்கிறாங்க. எனக்கு வர்ற புகை வேற யாரோ மோட்டார் போட்டதுக்கானது. இந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர் யார், வாங்கினவர் யார்னு தெரியாது. ஃபைனான்ஸில் ஒரு பழைய விஷயம் உண்டு, பில்லில் அட்ரஸ் இல்லேன்னா அதை யாரும் கட்ட மாட்டாங்க, கையில் வந்து விழுந்தவன்தான் கட்டணும். இங்கே அது நம்ம நுரையீரல்.

ஒரு மோகனூர் பட்ஜெட் ஷீட்

நம்ம சேனலை ரொம்ப நாளாகப் பார்க்கிற மோகனூர் லாரி ஓனர் ஒருத்தர், "எல்லாம் சரியாத்தான் போற மாதிரி இருக்குதுங்க தம்பி, ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது, எங்க லீக் ஆகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று குடும்ப பட்ஜெட் ஷீட் அனுப்பினார். ஒரே ஒரு லாரி, 2021ல் எடுத்தது, இஎம்ஐ இன்னும் ஓடுது. அவர் அனுமதியோடுதான் இதை எழுதறேன்.

அதில் இரண்டு வரி என் கண்ணில் பட்டது. முதல் வரி 'அம்மா மருந்து', மாசம் ரூ. 1,450. அம்மாவுக்கு 66 வயசு, பல வருஷமா மூச்சிரைப்பு. இன்ஹேலர் ரூ. 820. மாத்திரை ரூ. 210. நெபுலைசர் மருந்து ரூ. 120. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை நாமக்கல் டாக்டர் ஃபீஸ் ரூ. 400, அதை மாசத்துக்குப் பிரிச்சா ரூ. 200. போக வர ரூ. 100. வருஷத்துக்கு ரூ. 17,400. இவருக்கு ரூ. 5 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் இருக்குது. ஆனா இதில் ஒரு ரூபாய்கூட க்ளெய்ம் ஆகாது. ஏன்னா எல்லாமே ஓ.பி. செலவு, 24 மணி நேரம் பெட்டில் படுத்தால்தான் பாலிசி எழுந்திரிக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் ரூ. 1,20,000க்குள் இருக்கணும். லாரி ஓனருக்கு அது ஒத்து வராது. வந்தாலும் அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். அம்மாவைப் புதுசா பாலிசியில் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரை வெயிட்டிங். பிரீமியமும் வீட்டில் மூத்தவர் வயசை வெச்சுத்தான் போடுவாங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது ஒண்ணுதான் ஆறுதல்.

இந்த அம்மாவின் மூச்சிரைப்புக்கு மேட்டூர்தான் காரணம், புகளூர்தான் காரணம்னு நான் சொல்லல. நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதினவங்க. ஒரு ஆளின் நோயை ஒரு புகைபோக்கியோடு முடிச்சுப் போட எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் ஊர் மொத்தத்துக்கும் கணக்குப் போட முடியும். 2025ல் வெளியான லான்செட் கவுண்ட்டவுன் அறிக்கை, 2022ல் இந்தியாவில் மனிதர் உண்டாக்கிய நுண்துகள் மாசால் 17 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் சுமார் 44 சதவீதம் நிலக்கரி, டீசல், பெட்ரோல் மாதிரி எரிபொருள்களால் என்று சொல்லுது. மத்திய அரசு இந்த மாதிரி எண்களை ஏற்பதில்லை. மாசுக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பை நிறுவ உறுதியான தரவு இல்லைன்னு பார்லிமெண்டில் பல தடவை பதில் சொல்லியிருக்குது. எண்ணை விட்டுடுங்க. மூச்சிரைப்பு இருக்கிறவர் வீட்டில் நுண்துகள் கூடின வாரம் எப்படி இருக்கும்னு அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.

இப்போ அதே ஷீட்டில் கரண்ட் பில். இரண்டு மாசத்துக்கு 380 யூனிட். 30 பைசா வீதம் ரூ. 114. ஆனா நமக்கு வர்ற கரண்ட் எல்லாம் நிலக்கரி இல்லை. காத்தாலை, சோலார், கூடங்குளம், நீர் மின்சாரம் எல்லாம் கலந்து வருது. பாதி நிலக்கரின்னு வெச்சுக்குவோம். ரூ. 57. வருஷத்துக்கு ஆறு பில், ரூ. 342.

ஒரு வருஷம் முழுக்க மின் நிலையங்கள் புகையைக் கழுவி விட இந்தக் குடும்பம் தர வேண்டிய அதிகபட்சத் தொகை ரூ. 342. அம்மாவின் ஒரு மாச இன்ஹேலர் ரூ. 820. சல்பேட் குறைஞ்சு, வருஷத்தில் ஒரே ஒரு டாக்டர் விசிட் குறைஞ்சாக்கூட அந்தக் குடும்பத்துக்கு லாபம்.

இரண்டாவது வரிதான் எனக்கு இன்னும் உறுத்துது. 'யூரியா', மாசம் ரூ. 4,800.

லாரிக்கு ஒரு சட்டம், புகைபோக்கிக்கு ஒரு சட்டம்

நாமக்கல்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். 2020 ஏப்ரல் 1லிருந்து நாட்டில் பி.எஸ்.6 வண்டி மட்டும்தான் விற்கணும். டீசலில் கந்தகம் கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாகக் குறைஞ்சது. வண்டி விலை லட்சக்கணக்கில் ஏறியது. பெரிய லாரிகளில் தனியா ஒரு சின்ன டேங்க் வந்தது. அதில் ஆட்புளூ ஊத்தணும். டிரைவர்கள் 'யூரியா'ன்னு சொல்வாங்க. நூறு லிட்டர் டீசலுக்கு அஞ்சு லிட்டர் அளவில் போகும். புகையில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடை அது உடைச்சு விடும். அது தீர்ந்துபோனா வண்டி இழுக்காது. கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சிடும். ஊத்தூர்ல நின்னாலும் சரி, ஓசூர்ல நின்னாலும் சரி, ஊத்தினாத்தான் வண்டி நகரும். (சென்சாரை ஏமாத்தற டப்பா மாட்டிக்கிட்டு ஓட்டறவங்களும் இருக்காங்க. அதை நான் நியாயப்படுத்தல.)

இது தேவையில்லாத சட்டம்னு நான் சொல்ல மாட்டேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு 2012லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவிச்சாச்சு. அதை முதல்ல சுவாசிக்கிறது டிரைவரும் கிளீனரும், பட்டறையில் என்ஜினை ஓட விட்டுட்டு வேலை பார்க்கிற மெக்கானிக்கும்தான். சட்டம் வந்தது நல்லது. லாரி ஓனர் மாசம் ரூ. 4,800, வருஷத்துக்கு ரூ. 57,600 கட்டறார். கஷ்டப்பட்டுக் கட்டறார். வாடகை ஏறாத சீசனிலும் கட்டறார்.

இப்போ பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ஒரு கிலோ பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு கிலோ நிலக்கரியில் அரை சதவீதம்னா 5,000 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு. ஒத்தை லாரி வெச்சிருக்கறவர்கிட்ட "உன் வண்டிப் புகையை நீயே சுத்தம் பண்ணு, இல்லேன்னா வண்டி நகராது"ன்னு சொல்ற அரசாங்கம், நாளைக்கு ஆயிரக்கணக்கான டன் எரிக்கிற நிலையத்துக்கிட்ட "புகைபோக்கி உசரமா இருக்குதுல்ல, போதும்"ங்குது. உசரமான புகைபோக்கி புகையைச் சுத்தம் பண்ணாது. பக்கத்து ஊர்ல விழாம தூரத்து ஊர்ல விழ வைக்கும்.

அரசுத் தரப்பு வாதத்தையும் சொல்லிடறேன், ஒருதலைப்பட்சமா இருக்கக் கூடாது. நம்ம நிலக்கரியில் கந்தகம் குறைவு, பெரும்பாலான ஊர்களில் காத்தில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்குது, இந்தக் கருவி ஓடறதுக்கே கரண்ட்டும் தண்ணியும் வேணும், சுண்ணாம்புக்கல் வெட்டி லாரியில் ஏத்திக் கொண்டு வரணும், அதனால் கரியமில வாயு கூடும் என்கிறாங்க. இதில் உண்மை இருக்குது. காவிரியில் தண்ணி இல்லாத வருஷத்தில் மேட்டூரில் கூடுதல் தண்ணி கேட்டால் டெல்டா விவசாயி சும்மா இருப்பாரா? ஆனா வாயுவை மட்டும் அளந்துட்டு, அதே வாயு சல்பேட் துகளா மாறினதுக்கப்புறம் அதை வேற கணக்கில் சேர்க்கிறது சரியில்லை. வருமானத்தைப் பாதி ஒரு அக்கவுண்ட்ல, பாதி இன்னொரு அக்கவுண்ட்ல போட்டுட்டு, ரெண்டுலேயும் லிமிட்டுக்குள்ள இருக்குன்னு சொன்னா இன்கம் டாக்ஸ்காரங்க ஒத்துக்குவாங்களா?

ஏற்கெனவே கட்டின 26 பைசா

முதலில் சொன்னேனே, இந்தக் காசை நாம ஒரு தடவை கட்டிட்டோம்னு. அதுக்கு வருவோம். எனக்கு இந்தப் பதிவை எழுதணும்னு தோணினதே இதனாலதான்.

2010ல் மத்திய அரசு நிலக்கரிக்கு ஒரு செஸ் போட்டது. பேரு 'தூய்மை எரிசக்தி செஸ்'. டன்னுக்கு ரூ. 50. நிலக்கரி மாசு பண்ணுது, அதனால் அதுக்கு ஒரு கட்டணம், அந்தக் காசில் தூய்மையான மின்சாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒரு நிதி என்று சொன்னாங்க. கேட்க அருமையா இருந்தது. 2014ல் ரூ. 100. 2015ல் ரூ. 200. 2016ல் ரூ. 400, பேரும் 'தூய்மைச் சுற்றுச்சூழல் செஸ்'னு மாறிச்சு.

டன்னுக்கு ரூ. 400ன்னா கிலோவுக்கு 40 பைசா. ஒரு யூனிட்டுக்கு 650 கிராம் நிலக்கரி. பெருக்கிப் பாருங்க: 26 பைசா.

புகையைக் கழுவற கருவிக்கு ஆகும்னு சொல்ற செலவு யூனிட்டுக்கு 25, 30 பைசா. 'தூய்மைச் சுற்றுச்சூழல்'னு பேர் வெச்சு நம்மகிட்ட வாங்கினது யூனிட்டுக்கு 26 பைசா. எனக்கு முதல்ல நம்பிக்கை வரல, மூணு தடவை போட்டுப் பார்த்தேன்.

அந்தக் காசு எங்கே போச்சு? 2010லிருந்து 2018 வரை இந்த செஸ்ஸில் வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அதுக்காகவே ஆரம்பிச்ச நிதிக்குப் போனது சுமார் 29,600 கோடி. அதிலும் செலவானது சுமார் 15,900 கோடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் செஸ்ஸின் பேரை மாத்தி, மாநிலங்களுக்கு ஜி.எஸ்.டி. இழப்பீடு கொடுக்கிற கணக்கில் சேர்த்துட்டாங்க. அதே ரூ. 400. வசூல் நிக்கல, காரணம் மட்டும் மாறிச்சு. 2025 செப்டம்பர் 22ல் அந்த செஸ்ஸை எடுத்துட்டு, நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆக்கினாங்க.

நம்ம மோகனூர் நண்பர் வீட்டுக்கு இதை ஓட்டிப் பாருங்க. பில்லுக்கு 190 யூனிட் நிலக்கரி கரண்ட், 26 பைசா, ஏறக்குறைய ரூ. 49. வருஷத்துக்கு ரூ. 296. ஒன்பதரை வருஷத்துக்கு ரூ. 2,800. இதைவிடக் கூடக் குறைய இருக்கலாம். தமிழ்நாட்டில் எட்டு வருஷமா கட்டணம் ஏத்தாம, 2022 செப்டம்பரில்தான் ஏத்தினாங்க. நடுவில் வந்த செலவெல்லாம் ஈபி கடனா நின்னுது. கடனா நின்னாலும் அது நம்ம கடன்தான். இலவச 100 யூனிட்டுக்கும் யாரோ கட்டறாங்க, அதுவும் நம்ம வரிப் பணம்.

இது ஒரு வீட்டுக் கணக்கு. லாரிப் பட்டறை, கோழிப்பண்ணை, ரைஸ் மில், விசைத்தறி எல்லாம் சேர்த்தால் நாமக்கல் மாவட்டம் மட்டும் எவ்வளவு கட்டியிருக்கும்னு நீங்களே யோசிங்க. காப்பீட்டு பிரீமியம் ஒன்பது வருஷம் கரெக்டா கட்டிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு "பாலிசியின் நோக்கத்தை மாத்திட்டோம் சார்"னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்குது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

சோலார் போடுங்கன்னு உடனே சொல்லிட மாட்டேன். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000, 3 கிலோவாட்டோ அதுக்கு மேலோ போட்டால் ரூ. 78,000 மானியம். நம்ம ஊர் வெயிலுக்கு 3 கிலோவாட் ஒரு நாளைக்கு 12 யூனிட் சுமாராத் தரும். இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் ஏறி அழறவங்களுக்கு இது நல்ல முதலீடு. 380 யூனிட்காரருக்கு முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்கும் ரேட் கம்மி, போட்ட காசு திரும்ப வர ரொம்ப வருஷம் ஆகும். லாரி இஎம்ஐ ஓடும்போது இன்னொரு இஎம்ஐ வேண்டாம்னுதான் அவர்கிட்ட சொன்னேன்.

அவர்கிட்ட சொன்னது வேற. ஷீட்டில் 'மருத்துவம்'ங்கிற ஒத்தை வரியை ரெண்டாப் பிரிங்க: இன்சூரன்ஸ் பிரீமியம் ஒண்ணு, ஓ.பி. செலவு ஒண்ணு. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, ஓ.பி.க்குன்னு தனியா ஆர்.டி. மாதிரி மாசம் ரூ. 2,000 ஒதுக்குங்க. அம்மாவுக்கு மூணு வருஷ வெயிட்டிங் எப்படியும் ஓடத்தான் போகுது. அதை இன்னைக்கே ஆரம்பிச்சு வைங்க. மருந்துச் சீட்டு, பில் எல்லாத்தையும் தேதி போட்டு ஃபைல் பண்ணுங்க. எந்த மாசம் செலவு ஏறுதுன்னு ஒரு வருஷத்தில் தெரிஞ்சுடும்.

இன்னொண்ணும் இருக்குது, இதை யாரும் பண்றதில்லை. மின் கட்டணம் மாத்தணும்னு மனு வரும்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள்கிட்ட எழுத்துமூலமா கருத்து கேட்கும், பொது விசாரணையும் நடத்தும். அதில் பேசறவங்க பெரும்பாலும் ஆலை சங்கங்களும் விவசாய சங்கங்களும்தான். வீட்டு சர்வீஸ் வெச்சிருக்கிற யார் வேணா எழுதலாம், வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். கட்டணம் ஏத்தாதீங்கன்னு மட்டும் எழுதாம இந்தக் கேள்விகளையும் சேர்த்து எழுதுங்க. மேட்டூரின் ஒவ்வொரு யூனிட்டும் ஏ, பி, சி-யில் எந்த வகை? கந்தகம் நீக்கும் கருவிக்கு எவ்வளவு செலவு மதிப்பிட்டாங்க, அந்தத் தொகை கட்டண மனுவில் எங்கேயாவது இருக்குதா? கருவி வேண்டாம்னு முடிவானால், அதனால் மிச்சமாகும் பைசா நம்ம பில்லில் எந்த வரியில் குறையும்?

மூணாவது கேள்விக்கு வர்ற பதிலைத்தான் நான் ரொம்ப எதிர்பார்க்கிறேன். எழுதறவங்க உங்க சர்வீஸ் நம்பரை மறக்காமப் போடுங்க, அது இருந்தால்தான் நுகர்வோர்னு எடுத்துக்குவாங்க. அடுத்த வீடியோவில் ஓ.பி. செலவைக் கவர் பண்ற பாலிசிகளை வரி வரியாப் பார்ப்போம். அந்த எக்ஸ்ட்ரா பிரீமியத்துக்கு அது வொர்த்தா இல்லையான்னு கணக்குப் போட்டுட்டு வர்றேன்.